பெந்தம் கேட்ட கேள்வி

சென்ற ஆண்டு நம் மன்றத்தில் நடந்த சொற்போர் நண்பர்கள் பலருக்கு நினைவிருக்கும். மனிதனுக்கு இயற்கை உரிமை உண்டா, இல்லையா என்பது பொருள். உண்டு என்ற அணியில் நான் நின்றேன். உரிமையோடுதான் பிறக்கிறோம் என்று முழங்கினேன், கைதட்டலும் பெற்றேன். பிறகு எதிரணித் தோழர் எழுந்தார். அந்த உரிமையைக் கொடுத்தவர் யார், அது எங்கே எழுதியிருக்கிறது, பறிபோனால் யாரிடம் முறையிடுவாய் என்று அமைதியாகக் கேட்டார். எனக்கு நா எழவில்லை. அவை ஜெரமி பெந்தம் என்ற ஆங்கில அறிஞரைப் படித்ததால் எழுந்த கேள்விகள் என்று அன்றிரவு விடுதியில் உண்ணும்போது அவரே சொன்னார். தோற்ற நான் நூலகம் போனேன். என்னைத் தோற்கடித்தவரின் வரலாற்றையே இங்கு எழுதுகிறேன்.

பெந்தம் 1748-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர், மகன் நீதித்துறையின் உச்சிக்கு ஏறுவான் என்று கனவு கண்டவர். பன்னிரண்டாம் வயதிலேயே பிள்ளையை ஆக்ஸ்போர்டில் சேர்த்தார். அக்காலத்தில் அங்குப் பயில்வோர் ஆங்கிலத் திருச்சபையின் 39 கோட்பாடுகளையும் நம்புவதாகக் கையெழுத்திட வேண்டும். சிறுவனுக்கு ஐயம் இருந்தது. எனினும் பெரியவர்களுக்கு அஞ்சிக் கையெழுத்திட்டான். அந்த வடு அவர் வாழ்நாள் முழுவதும் ஆறவில்லை. பொருள் விளங்காத சொல்லுக்குத் தலையாட்டக்கூடாது என்ற பிடிவாதம் அங்கேதான் தொடங்கியது போலும்.

அதே ஆக்ஸ்போர்டில், 1763-இல், புகழ்பெற்ற சட்டப் பேராசிரியர் பிளாக்ஸ்டனின் சொற்பொழிவுகளைக் கேட்டார். மற்றவர்கள் வியந்து கேட்டார்கள். இவர் குறை கண்டார். 1769-இல் வழக்கறிஞராகும் தகுதி பெற்றும், வாதாடிப் பொருள் ஈட்ட மனம் ஒப்பவில்லை. இருக்கும் சட்டத்தை வைத்துப் பிழைப்பதைவிட, இருக்க வேண்டிய சட்டத்தை எண்ணி எழுதுவதே தம் தொழில் எனக் கொண்டார். 1776-இல் பிளாக்ஸ்டனை மறுத்து, பெயர் குறிக்காமல் ஒரு நூல் வெளியிட்டார்.

அதே 1776-இல்தான் அமெரிக்கர் விடுதலை அறிவித்தனர். 1789-இல் பிரெஞ்சு மக்கள் மனித உரிமைப் பேரறிக்கை செய்தனர். இரண்டும் மனிதனுக்குப் பிறவியிலேயே உரிமைகள் உண்டு என்றன. பெந்தம் இரண்டையும் எதிர்த்து எழுதினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரெஞ்சு அரசு 1792-இல் அவருக்குச் சிறப்புக் குடியுரிமை வழங்கியது; அவரோ 1795 அளவில் அந்தப் பேரறிக்கையை வரிவரியாகக் கிழித்தெறிந்து ஒரு நூல் எழுதினார். அந்நூலும் 1816-இல் பிரெஞ்சு மொழியிலேதான் முதலில் அச்சேறியது!

அவர் வாதம் எளியது. உரிமை என்பது சட்டத்தின் பிள்ளை. காக்கும் சட்டம் இல்லாத இடத்தில் உரிமையும் இல்லை. உரிமை வேண்டும் என்ற விருப்பம் மட்டுமே உண்டு. பசி இருப்பதால் சோறு வந்துவிடுமா? மேலும், இயற்கையைச் சாட்சிக்கு அழைத்தால் எவனும் எதையும் உரிமை எனலாம். அதைக் கேட்டுத் தீர்ப்பதற்கு வழியே இராது, வாள்தான் தீர்க்கும். பிரான்சில் குருதி ஓடியதைக் கண்டபின் எழுதியவர் என்பதை மறக்கலாகாது.

அப்படியானால் இவர் கல்நெஞ்சரா? அல்லர். எந்தச் சட்டத்தையும் அது தரும் இன்பத்தையும் துன்பத்தையும் கொண்டு அளக்க வேண்டும் என்றார். விலங்குகளின் துன்பத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்தார். ஆணும் ஆணும் கூடுவதற்கு இங்கிலாந்தில் மரண தண்டனை இருந்த நாளில், யாருக்கும் தீங்கில்லாத செயலுக்குத் தண்டனை ஏன் என்று 1785 அளவில் ஒரு கட்டுரை எழுதினார். வெளியிட அஞ்சினார். அது 1978-இல்தான் அச்சாயிற்று.

ஆனால் என்னை உறுத்துவது ஒன்றும் உண்டு. 1791-இல் ஒரு சிறைத் திட்டம் வெளியிட்டார். வட்டமான கட்டடம், நடுவில் காவலர், கைதிகளுக்கு அவர் தெரியமாட்டார், அவருக்கோ எல்லாரும் தெரிவர். இதற்காகப் பல்லாண்டு உழைத்தார். அரசு அதைக் கைவிட்டு, 1813-இல் 23,000 பவுன் இழப்பீடு தந்தது. ஓயாமல் பார்க்கப்படுவதே ஒரு கொடுமை என்று அவர் உணரவில்லை. அவருடைய கணக்கேட்டில் அதற்கு இடமில்லை.

பெந்தத்தின் சீடர் ஜேம்ஸ் மில் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றினார். சட்டம் முழுவதையும் ஒழுங்குபடத் தொகுக்க வேண்டும் என்ற ஆசானின் எண்ணம் நம் நாட்டிலும் வேர்விட்டது. மெக்காலே 1837-இல் வரைந்த தண்டனைச் சட்டம், 1860-இல் நிறைவேறி, 2024 ஜூன் முடிய நம்மை ஆண்டது. ஆனால் பெந்தம் மறைவாகக் கண்டித்த அதே குற்றம் அதில் 377-ஆம் பிரிவாக நுழைந்தது. நம் உச்ச நீதிமன்றம் 2018-இல்தான், மனமொத்த பெரியவர்கள் அளவில், அதை நீக்கிற்று.

இனி, என் பழைய கேள்விக்கு வருகிறேன். நெருக்கடி நிலையின்போது, 1976 ஏப்ரல் 28 அன்று, இதே டில்லியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. விசாரணையின்றிச் சிறைப்பட்டவர் நீதிமன்றத்தை நாட முடியாது என்றனர் நால்வர். அரசியல் சட்டம் தந்த உரிமையை நிறுத்தி வைத்தபின் வேறு உரிமை ஏது என்ற வாதம் வென்றது. கன்னா என்ற நீதிபதி ஒருவர் மட்டும் மறுத்தார். உயிரும் விடுதலையும் அரசியல் சட்டம் வந்த பிறகு கிடைத்த கொடை அல்ல என்றார். தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டிப் போயிற்று. 2017-இல், தனியுரிமை வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கூடியபோது அந்தப் பழைய தீர்ப்பு சாய்ந்தது. கன்னாவின் கருத்து நிலைத்தது.

பெந்தம் தோற்றாரா? பாதிதான் என்று எண்ணுகிறேன். 1976-இல் சிறையில் இருந்தவரை இயற்கை வந்து மீட்கவில்லை. 1978-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, உயிருரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்த முடியாது என்று எழுதவேண்டியிருந்தது. எழுதினால்தான் காவல். ஆனால் எழுதியது மட்டுமே உரிமை என்றால், அழிப்பவன் கையில் நாம் அகப்படுவோம்.

பெந்தம் 1832 ஜூன் 6 அன்று மறைந்தார். தம் உடலை மருத்துவர் அறுத்துப் பயில வேண்டும் என்றும், எலும்புக்கூட்டுக்கு உடையணிவித்து அமர்த்த வேண்டும் என்றும் எழுதி வைத்திருந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இன்றும் கண்ணாடிப் பேழைக்குள், மெழுகுத் தலையோடு அமர்ந்திருக்கிறார்.

நண்பர்களே, அந்தச் சொற்போர் மீண்டும் நடந்தால் நான் முன்போல் முழங்கமாட்டேன். உரிமை மனிதன் ஆக்கியதுதான் என்று ஒப்புக்கொள்வேன். ஆனால் அதை வேண்டி நிற்கும் துன்பம் மனிதன் கற்பித்தது அன்று என்பேன். ஆக்கிய பொருளாதலால், காவாவிட்டால் அது கெடும். அதைக் காக்கும் பொறுப்பு நம்முடையது.