சீமெண்ணெய் யங்கும் நாற்றமடித்த தண்ணீரும்

கெமிக்கல், சிவில், மெக்கானிக்கல்னு எந்த டிபார்ட்மெண்டா இருந்தாலும் இவர் கதை நமக்கு உதவும்.

1811-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் ஒரு தச்சர் வீட்டில் பிறந்தவர் ஜேம்ஸ் யங். பகல்ல அப்பாவோட பட்டறையில் வேலை, ராத்திரி ஆண்டர்சன் கல்லூரியில் வேதியியல் வகுப்பு. பாடம் எடுத்தவர் தாமஸ் கிரஹாம். ஆமா, வாயுப் பரவல் விதியில் நாம படிக்கிற அதே கிரஹாம்தான். பையனோட ஆர்வத்தைப் பார்த்து அவரையே உதவியாளரா வச்சுக்கிட்டார். ஆப்பிரிக்கப் பயணங்களால் பின்னாளில் புகழ்பெற்ற டேவிட் லிவிங்ஸ்டன் அங்கேதான் நண்பரானார்.

1847-ல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் எண்ணெய் கசியுதுன்னு யங்குக்குத் தகவல் வந்தது. அதைச் சுத்திகரித்து விளக்கெண்ணெயும் இயந்திரங்களுக்கான மசகு எண்ணெயும் விற்றார். கொஞ்ச வருஷத்தில் ஊற்று வற்றிப்போச்சு. வேற யாரா இருந்தாலும் கடையை மூடியிருப்பாங்க. யங் நிலக்கரியிலிருந்தே எண்ணெய் எடுக்க முடியுமான்னு சோதிச்சார். காற்றுப் புகாத கலனில் மெதுவாகச் சூடாக்கினால் எண்ணெய் ஆவியாகி வரும் என்று கண்டுபிடித்து 1850-ல் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருஷம் ஸ்காட்லாந்தின் பாத்கேட்டில் ஆலை தொடங்கியது. சீமெண்ணெய்க்கு அங்கே பாரஃபின்னு பேர். அதனால ஊர் அவருக்கு வச்ச பேரும் பாரஃபின் யங்!

பாத்கேட்டில் கிடைத்த உயர்ரக நிலக்கரி 1860-களில் தீர்ந்துகொண்டே வந்தது. அதே வட்டாரத்தில் கிடைத்த ஆயில் ஷேல் பக்கம் தொழில் திரும்பியது. எண்ணெய் தரும் கரிமப் பொருள் பொதிந்த களிப்பாறைதான் அது. 1865-ல் அடீவெல்லில் யங் இன்னும் பெரிய ஆலையைக் கட்டத் தொடங்கினார்.

இங்கேதான் நம்ம விஷயம் வருது. ஷேலைச் சூடாக்கினால் எண்ணெய் மட்டும் வராது, தண்ணீரும் ஆவியாகிச் சேர்ந்து வரும். குளிரவைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும், தண்ணீர் கீழே தங்கும். அம்மோனியா, ஃபீனால், சல்ஃபைடு எல்லாம் கலந்த அந்தத் தண்ணீர் பக்கத்தில் போனாலே மூக்கைப் பிடிக்க வைக்கும். ஓடையில் விட்டால் மீனுக்கு எமன்.

அந்தத் தண்ணீரில் காசு இருக்குன்னு தொழில் புரிஞ்சுக்கிட்டது. நீராவி செலுத்தினால் அம்மோனியா பிரியும். உப்பாகப் பிணைந்து கிடக்கும் மிச்சத்தைச் சுண்ணாம்பு விடுவிக்கும். வெளியேறும் வாயுவைக் கந்தக அமிலத்தில் செலுத்தினால் அம்மோனியம் சல்ஃபேட், அதாவது உரம்! எண்ணெயைச் சுத்தம் செய்த பிறகு தாரோடு கழியும் அமிலத்தையே மீட்டு இதுக்குப் பயன்படுத்தினார்கள். ஒரு கழிவு இன்னொரு கழிவுக்கு மருந்து.

இதற்கிடையில் அமெரிக்காவிலிருந்து மலிவான பெட்ரோலியம் வந்து குவிந்தது. எண்ணெயை மட்டும் நம்பியிருந்தால் ஸ்காட்லாந்து ஆலைகள் அப்போதே படுத்திருக்கும். 1880-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பெய்ல்பியும் வில்லியம் யங்கும் (இவர் வேற யங்) கலனுக்குள் நீராவி செலுத்தி அம்மோனியா விளைச்சலைக் கூட்டினார்கள். உர வருமானம் தொழிலைத் தாங்கிப் பிடித்தது. 1962 வரை அந்தத் தொழில் ஓடியது.

ஆனா கதையை முழு வெற்றியாகச் சொன்னால் அது பொய். விலை போன அம்மோனியாவைப் பிடித்தார்கள். விலை போகாத ஃபீனாலை விட்டுவிட்டார்கள். அந்த வட்டாரத்து ஆமண்ட் ஆறு அதுக்கு விலை கொடுத்தது.

யங்குக்குத் தண்ணீரின் வேதியியல் தெரியாதா? நல்லாவே தெரியும். கப்பலின் அடியில் தேங்கும் தண்ணீர் அமிலத்தன்மையோடு இருந்து இரும்பை அரிப்பதைக் கவனித்தவர் அவர். சுட்ட சுண்ணாம்பு போட்டு அதை நடுநிலையாக்கலாம் என்று 1872-ல் யோசனை சொன்னார். அடுத்த ஆண்டு ராயல் சொசைட்டி உறுப்பினரானார். லிவிங்ஸ்டனின் பயணங்களுக்குப் பணம் கொடுத்தார்; தான் இரவில் படித்த கல்லூரிக்கே தலைவராகி, அங்கே தொழில்நுட்ப வேதியியலுக்குப் பேராசிரியர் பதவியும் ஏற்படுத்தினார். 1883-ல் காலமானார்.

அவர் காலத்தில் ஓடைக்குப் போன ஃபீனாலை இன்று எஸ்டோனியாவின் ஷேல் ஆலைகள் கரைப்பான் மூலம் பிரித்து எடுத்து விற்கின்றன. மிச்சத்தை நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைக்கலாம். அப்படித் தெளிந்த நீரைச் சாம்பலைக் குளிரவைக்கவும் ஈரப்படுத்தவும் திரும்பப் பயன்படுத்தலாம். வழி இருக்கு, செலவு பண்ண மனசு வேணும்.

அடுத்த முறை பிராஜெக்ட்டுக்கு ஃப்ளோசார்ட் வரையும்போது, 'கழிவுநீர்'னு எழுதி அம்புக்குறியை வெளியே விட்டுடாதீங்க. அதில் என்ன கரைஞ்சிருக்குன்னு முதல்ல பாருங்க. விலை போகிறதை மட்டும் இல்ல, போகாததையும்!