பரணில் கிடக்கும் பழைய பொம்மை கார்... பின்னால் ஒரு கணக்குப்பிள்ளையின் கதை! யார் இந்த ஃபிராங்க் ஹார்ன்பி?

ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், செம்பாக்கம் பக்கம் பழைய தனி வீடுகளை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. வீட்டைக் காலி பண்ணும்போது பரணில் இருந்து சாமான்கள் இறங்கும். பித்தளைக் குத்துவிளக்கைப் பத்திரமாக எடுத்து வைப்பார்கள். துருப்பிடித்த இரும்பெல்லாம் காயலான் கடைக்குப் போகும். நடுவில் பெயிண்ட் உதிர்ந்து, டயர் காணாமல் போன, உள்ளங்கை அளவு பொம்மை கார் ஒன்று கிடைத்தால்? பெரும்பாலும் அதுவும் இரும்போடு சேர்ந்து எடைக்குப் போய்விடும்.

ஒரு நிமிஷம். போடுவதற்கு முன்னாடி அதைத் திருப்பி, அடித்தட்டைப் பாருங்க. 'டிங்கி டாய்ஸ்', 'மெக்கானோ' என்ற பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கிறதா? இருந்தால், கையில் இருப்பது ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பின் கடைசி அத்தியாயம். பழைய பொம்மை கார்களைத் தேடிப் பிடித்து, கழற்றி, பெயிண்ட் அடித்து மீட்டெடுப்பதை உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். அவர்கள் மேஜைக்கு வரும் கார்களில் டிங்கிக்குத் தனி மரியாதை. அதைத் தொடங்கியவர் ஃபிராங்க் ஹார்ன்பி. அவர் பொறியியல் படித்தவர் இல்லை, கணக்கு எழுதியவர் என்பதுதான் இதில் ஆச்சரியம். யார் இவர்? பார்க்கலாம்.

16 வயதில் படிப்பு முடிந்தது

இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூலில், 1863 மே 15 அன்று பிறந்தார் ஹார்ன்பி. அப்பாவுக்கு மளிகை, உணவுப்பொருள் வியாபாரம். 16 வயதில் பள்ளியை விட்டு வெளியே வந்தவர், அப்பாவின் கடையிலேயே காசாளராக உட்கார்ந்தார். 1887-ல் கிளாரா என்ற பள்ளி ஆசிரியையைத் திருமணம் செய்துகொண்டார். ரோலண்ட், டக்ளஸ் என இரண்டு மகன்கள், பாட்ரிசியா என ஒரு மகள்.

1899-ல் அப்பா இறந்தார். வியாபாரமும் மூடப்பட்டது. 36 வயதில், குடும்பத்தோடு இருந்த ஹார்ன்பி வேறு வேலை தேட வேண்டிய நிலை. டேவிட் எலியட் என்ற இறைச்சி இறக்குமதி வியாபாரியிடம் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. காலையில் போய், பேரேட்டில் வரவு செலவு எழுதி, சாயங்காலம் வீடு திரும்பும் வாழ்க்கை.

வீட்டுக்கு வந்ததும் ஆள் வேறு. தகட்டை வெட்டி மகன்களுக்குப் பாலம், பளுதூக்கும் கிரேன், வண்டி என்று செய்து கொடுப்பார். ஆனா ஒரு பிரச்சினை. கிரேனுக்காக வெட்டிய துண்டு பாலத்துக்கு உதவாது. ஒவ்வொரு பொம்மைக்கும் புதிதாக வெட்ட வேண்டும். பசங்களுக்குப் பழைய பொம்மை அலுத்துப் போனால், அந்தத் துண்டுகள் அவ்வளவுதான்.

எல்லாத்தையும் மாற்றிய ஓட்டை

இங்கேதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. எல்லாத் துண்டுகளையும் ஒரே அகலத்தில், அரை அங்குலத்துக்கு வெட்டினால்? ஒவ்வொன்றிலும் அரை அங்குலத்துக்கு ஒன்று என்று ஒரே இடைவெளியில் ஓட்டை போட்டால்? எந்தத் துண்டையும் எந்தத் துண்டோடும் போல்ட், நட் போட்டு முடுக்கலாம். அதே ஓட்டையில் கம்பியைச் செருகினால் சக்கரமும் சுற்றும். இன்றைக்குக் கிரேன், நாளைக்குக் கழற்றிப் போட்டால் பாலம்.

கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் அதுவரை சந்தையில் இருந்த பொம்மைகள் பெரும்பாலும் செய்து முடித்த பொம்மைகள். உடைந்தால் குப்பை. ஹார்ன்பியின் பொம்மையைக் கழற்றலாம், திருத்தலாம், மறுபடி கட்டலாம்.

முதல் துண்டுகளைச் செப்புத் தகட்டில் அவரே கையால் செய்தார். கடையில் கிடைத்த நட், போல்ட் சரிப்படாததால் அதையும் அவரே செய்ய வேண்டியிருந்தது. காப்புரிமை வாங்கக் கையில் காசு இல்லை. முதலாளி எலியட்டிடம் 5 பவுண்டு கடன் வாங்கித்தான், 1901 ஜனவரியில் விண்ணப்பித்தார். எலியட் கடன் கொடுத்ததோடு நிற்கவில்லை. அலுவலகத்துக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைக் கொடுத்து, தொழிலில் கூட்டாளியாகவும் சேர்ந்தார்.

மெக்கானோ பிறந்த கதை

1902-ல் 'மெக்கானிக்ஸ் மேட் ஈஸி' என்ற பெயரில் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் துறைத் தலைவராக இருந்த பேராசிரியர் ஹீல்-ஷா பாராட்டுக் கடிதம் கொடுத்தார். விளம்பரத்துக்கு அது கைகொடுத்தது. ஆனாலும் முதல் சில வருஷங்கள் லாபம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. 1906 வாக்கில்தான் கணக்கில் கொஞ்சம் மிச்சம் தெரிய ஆரம்பித்தது.

1907-ல் 'மெக்கானோ' என்ற பெயரைப் பதிவு செய்தார் ஹார்ன்பி. அதே வருஷம் கணக்கு எழுதும் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தயாரிப்பில் இறங்கினார். அப்போது வயது 44. அடுத்த வருஷம் எலியட் விலகிக்கொள்ள, மெக்கானோ லிமிடெட் முழுக்க ஹார்ன்பியின் கைக்கு வந்தது. 1914-ல் லிவர்பூலின் பின்ஸ் ரோட்டில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1916-ல் 'மெக்கானோ மேகசின்' என்ற பத்திரிகை. 1920-ல் சாவி கொடுத்தால் ஓடும் ஹார்ன்பி ரயில்கள். அப்பா கடையில் காசு எண்ணியவர், 1930-களில் கோடீஸ்வரர். 1931-ல் லிவர்பூலின் எவர்டன் தொகுதியில் கன்சர்வேட்டிவ் கட்சி வேட்பாளராக நின்று, நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார்.

ரயிலுக்குத் துணையாக வந்த கார்

டிங்கி கார்கள் தனிப் பொம்மையாகப் பிறக்கவில்லை. ஹார்ன்பி ரயில் வைத்திருந்த பசங்களுக்கு, ஸ்டேஷன் ஓரத்தில் நிறுத்தி வைக்க மனிதர்கள், விலங்குகள், வண்டிகள் தேவைப்பட்டன. அமெரிக்காவில் டூட்ஸிடாய் நிறுவனம் சின்ன உலோகக் கார்களை ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தது. 1933 கடைசியில் மெக்கானோவும் 6 வண்டிகள் கொண்ட செட் ஒன்றை வெளியிட்டது: 2 கார், ஒரு லாரி, ஒரு டெலிவரி வேன், ஒரு டிராக்டர், ஒரு ராணுவ டாங்கி. 1934-ல் அதற்கு 'டிங்கி டாய்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். சின்னதாக, அழகாக இருப்பது என்று பொருள்.

இன்றைக்கும் மாடல் கார் சேகரிப்பவர்கள் 1:43 என்ற அளவைச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நிஜக் காரில் 43-ல் ஒரு பங்கு. அந்த அளவு வழக்கத்துக்கு வந்ததே அந்தக் கால 'ஓ கேஜ்' பொம்மை ரயிலுக்குப் பொருத்தமாக கார்களைச் செய்ததால்தான்.

ஆரம்ப வண்டிகள் ஈயக் கலவையில் வந்தன. சீக்கிரமே 'மஸாக்' என்ற துத்தநாகக் கலவைக்கு மாறினார்கள். துத்தநாகம் சுமார் 420 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். உருகியதை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தினால், கதவுக் கோடு, முகப்பு கம்பி எல்லாம் துல்லியமாக விழும். இதுதான் 'டை-காஸ்ட்'. உடம்பையும் அடித்தட்டையும் ரிவெட் அடித்து மூடிவிடுவார்கள்.

ஒரு வேடிக்கையைக் கவனிச்சீங்களா? கழற்றி மாட்டும் பொம்மையால் பெயர் வாங்கியவரின் நிறுவனம், கடைசியில் கழற்றவே முடியாத பொம்மையைச் செய்தது. விலை குறைவு, பாக்கெட்டில் போகும், பள்ளிக்கூடத்தில் காட்டலாம். பசங்களுக்கு அது போதும்.

அந்த வெற்றியை ஹார்ன்பி முழுசாகப் பார்க்கவில்லை. இதய நோயும் சர்க்கரை நோயும் அவரை வாட்டின. 1935 தேர்தலில் போட்டியிடவில்லை. 1936 செப்டம்பர் 21 அன்று, 73 வயதில் காலமானார். மூத்த மகன் ரோலண்ட் பொறுப்புக்கு வந்தார். தம்பதியின் மகள் பாட்ரிசியா அவருக்கு முன்பே இறந்துவிட்டாள்.

லிவர்பூல் டு கல்கத்தா

போருக்குப் பிந்தைய வருஷங்கள் டிங்கியின் பொற்காலம். 1950-களில் கார்கி, மேட்ச்பாக்ஸ் என்று போட்டி வந்தது. 1964-ல் லைன்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் மெக்கானோவை வாங்கியது. 1960-களின் கடைசியில், டிங்கி பயன்படுத்தி முடித்த சில அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்தன. அங்கே ஒரு நிறுவனம் 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் கார்களை வார்த்தது. அச்சு தேய்ந்திருந்ததால் ஓரங்கள் கொஞ்சம் மழுங்கலாக இருக்கும், பெயிண்டும் தடிப்பாக இருக்கும். ஒரு காலத்தில் யாரும் கண்டுகொள்ளாத அந்த நிக்கி கார்களை இப்போது வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் தேடுகிறார்கள்.

தாம்பரத்துக்காரர்களுக்கு இன்னொரு நெருக்கமான விஷயம் இருக்கு. 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்ட் கார் வந்தபோதே, டிங்கி அதன் பொம்மையை வெளியிட்டது. அதே கார்தான் 1961 முதல் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்' என்ற பெயரில், தாம்பரத்தை அடுத்த வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் தயாரானது. நம்ம ஊரில் ஓடிய காரும் லிவர்பூல் பொம்மையும் ஒரே முகம்.

ஸ்டாண்டர்ட் தொழிற்சாலை 1980-களின் கடைசியில் மூடப்பட்டது. பின்ஸ் ரோடு அதற்கு முன்பே, 1979 நவம்பர் 30 அன்று மூடிவிட்டது. தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வேலை இழந்தன.

பழைய காரை மீட்பது எப்படி?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ, சொந்தப் பரணிலோ ஒரு பழைய கார் கிடைத்தால், முதலில் செய்ய வேண்டியது எதுவும் செய்யாமல் இருப்பதுதான். வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். அசல் பெயிண்ட் முக்கால்வாசி இருந்தால் அதில் கை வைக்காதீங்க. புதுசாகப் பெயிண்ட் அடித்தால் பளபளக்கும், ஆனா சேகரிப்பாளர் பார்வையில் மதிப்பு இறங்கிவிடும்.

அடுத்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்க. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கொஞ்சம் கலந்திருந்தாலும், உலோகம் உள்ளிருந்தே வீங்கி, வெடித்து, பொடியாகும். இதற்கு 'ஸிங்க் பெஸ்ட்' என்று பெயர். போருக்கு முந்தைய டிங்கிகளில் இது அதிகம். வந்துவிட்டால் வைத்தியம் இல்லை. வெப்பமும் ஈரமும் இதை வேகப்படுத்தும். அதனால், மொட்டைமாடிக்குக் கீழே வெந்துகொண்டிருக்கும் பரண்தான் இந்தக் கார்களுக்கு மோசமான இடம்.

பெயிண்ட் போய், டயர் போய், ஆனால் உலோகம் திடமாக இருந்தால் அதுதான் மீட்க ஏற்ற கார். வேலை இந்த வரிசையில் நடக்கும்:

அடியில் இருக்கும் ரிவெட்டின் தலையை மட்டும் டிரில் பிட்டால் மெதுவாக எடுக்க வேண்டும். உடம்பும் அடித்தட்டும் பிரிந்துவிடும்.

பழைய பெயிண்டை பெயிண்ட் ரிமூவர் போட்டு எடுக்கலாம். காஸ்டிக் சோடா வேண்டாம், அது துத்தநாகத்தையே அரித்துவிடும். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்தால் தூசி மூச்சில் போகும். கையுறை, மாஸ்க், ஜன்னல் திறந்த அறை அவசியம். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீங்க.

உலோகம் நன்றாகக் காய்ந்த பிறகு பிரைமர். அதன்மேல் ஸ்ப்ரே பெயிண்டை மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை. மழைக்காலத்தில் அடித்தால் ஈரம் பிடித்து மங்கிவிடும், வெயில் நாளாகப் பாருங்க.

கடைசியாகப் புது ரப்பர் டயர் மாட்டி, ரிவெட் இருந்த இடத்தில் மரை வெட்டிச் சின்ன ஸ்க்ரூ போட்டு மூடிவிடலாம். அடித்தட்டில் மீட்டெடுத்த வருஷத்தைக் குறித்து வைத்தால், பின்னாடி வாங்குபவர் ஏமாற மாட்டார்.

அந்த ஸ்க்ரூவைத்தான் கவனிக்க வேண்டும். மூடி அடித்த காரில் மறுபடி ஒரு ஓட்டை, ஒரு மரை. இனி அதை எத்தனை முறை வேண்டுமானாலும் கழற்றலாம், திருத்தலாம், மாட்டலாம். 5 பவுண்டு கடன் வாங்கிய கணக்குப்பிள்ளை 1901-ல் காப்புரிமை கேட்டது இதே யோசனைக்குத்தான்.

அதனால, அடுத்த முறை பரண் காலி பண்ணும்போது காயலான் கடைக்காரர் தராசை எடுப்பதற்குள், அந்தப் பொம்மை காரை ஒரு தடவை திருப்பிப் பார்த்துடுங்க.