மகாத்மா ஜோதிராவ் புலே

மராட்டிய தேசத்தில், தோட்டப்பயிர் செய்யும் மாலி வகுப்பில் 1827-ம் வருஷம் ஜனித்தவர் ஜோதிராவ் புலே. 1848-ல் புனா நகரில் பெண்களுக்கெனப் பாடசாலை ஸ்தாபித்து, தம் மனைவியார் சாவித்திரிபாயையே உபாத்தியாயினியாக்கினார். அதன் பொருட்டுத் தந்தையாரின் இல்லத்தைவிட்டு நீங்கவும் நேர்ந்தது.

1882-ல் ஹண்டர் கல்விக் கமிஷனுக்கு விண்ணப்பமொன்று சமர்ப்பித்தார். குடியானவர் செலுத்தும் வரிப்பணம் மேல்வகுப்பாரின் உயர்தரக் கல்விக்கே பெரிதும் செலவாவது அநீதியென்றும், குறைந்தது 12 வயதுவரை ஆரம்பக்கல்வி ஜனங்களுக்குக் கட்டாயமாதல் வேண்டுமென்றும் அதில் வாதித்தார். எழுத்து, வாசிப்பு, கணக்கு, சரித்திரம், பூகோளம் ஆகியவற்றோடு விவசாயம், நல்லொழுக்கம், சுகாதாரம் என்பவற்றையும் போதிக்கக் கோரினார். கிராமப் பாடசாலையில் பாடங்கள் குறையினும் பயன் குறையலாகாது என்பது அவர் கொள்கை.

1890-ல் அவர் காலஞ்சென்றார். கட்டாய இலவசக் கல்விச் சட்டம் தேசத்தின் பெரும்பகுதிக்கு அமலுக்கு வந்ததோ 2010-ல்தான். நம் சிறுவர் சிறுமியரின் பாடங்களை ஆராயுங்கால், இது யாருக்கு, எதற்கு என்று நாமும் வினவுவோமாக.