வாசற்படி தாண்டிய நாகம்மை

கூலி நாள் மாலை. ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் வேலை முடிந்து, ஆலங்காயம் வரும் பேருந்தில் பெண்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். கையிலே கூலி, நெஞ்சிலே கிலி! எங்கே ஒளிப்பது இந்தக் காசை? அரிசிப் பானையிலா, அடுக்களைப் பரணிலா? எங்கே ஒளித்தாலும் அவன் தேடுவான். கிடைத்தால் கடைக்குப் போவான். கிடைக்காவிட்டால் கையை ஓங்குவான். பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு பாட்டி வீட்டுக்கு ஓடும். பக்கத்து வீடோ கதவைச் சாத்திக்கொள்ளும். அது அவர்கள் குடும்ப விவகாரமாம், நமக்கேன் வம்பாம்!

அந்தச் சாத்திய கதவைக் காணும்போதெல்லாம், தோழர்களே, ஈரோட்டிலே திறந்து கிடந்த ஒரு கதவு என் நினைவுக்கு வருகிறது. அந்த வீட்டிலே தள்ளாடி வரும் கணவன் இல்லை. அடகுக்குப் போன தாலி இல்லை. பட்டினி கிடந்த பிள்ளை இல்லை. இருந்தும் அந்த வீட்டுப் பெண், வாசற்படி தாண்டிக் கள்ளுக்கடை முன்னே போய் நின்றார். அவர்தாம் நாகம்மையார், பெரியாரின் வாழ்க்கைத் துணைவியார்.

1885இல் சேலத்தை அடுத்த தாதம்பட்டியிலே பிறந்தார் நாகம்மை. 1898இல், 13 வயதுச் சிறுமியாக, ஈரோட்டுப் பெருவணிகர் வெங்கட்ட நாயக்கர் வீட்டு மருமகளானார். கணவர் ராமசாமிக்கு அப்போது வயது 19. செல்வம் கொழித்த வீடு. வைதிகம் தழைத்த வீடு. ஒருபுறம் மாமியாரின் ஆசாரம். மறுபுறம் அதையெல்லாம் உடைத்தெறியத் துடிக்கும் கணவர். இரண்டுக்கும் நடுவே அந்த இளம்பெண் காலம் தள்ளினார். ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஐந்தே மாதத்தில் மறைந்தது. அதன் பிறகு மடி நிறையவில்லை. ஆனால் பந்தி நிறைந்தது! எந்நேரமும் விருந்தினர், தொண்டர், ஊர் ஊராக வந்த தோழர்கள். அத்தனை பேருக்கும் அவர் தாயானார்.

1919இல் ராமசாமி காங்கிரசில் சேர்ந்தார். பட்டு போயிற்று, கதர் வந்தது. 1921இல் கள்ளுக்கடை மறியல் மூண்டது. கள்ளுக்கும் சாராயத்துக்கும் கடைகளை ஏலம் விட்டு, அதிலே கிடைத்த பணத்தால் கசானாவை நிரப்பிக்கொண்டிருந்தது வெள்ளையர் அரசாங்கம். ஏழையின் குடல் எரிந்தால்தான் சர்க்காரின் விளக்கு எரியும்! ஊருக்கு உபதேசம் செய்யுமுன் தம் வீட்டைப் பார்த்தார் ராமசாமி. தமக்குச் சொந்தமான தென்னை மரங்களிலே ஐந்நூறுக்கு மேல் வெட்டிச் சாய்த்தார். மறியலில் இறங்கினார். சிறைக்குப் போனார்.

தலைவர் உள்ளே போய்விட்டார். இனிக் கூட்டம் கலைந்துவிடும் என்று எண்ணியவர்கள் ஏமாந்தார்கள். அண்ணியும் நாத்தியுமாக இருவர் தெருவுக்கு வந்தார்கள். ஒருவர் நாகம்மை, மற்றவர் பெரியாரின் தங்கை கண்ணம்மாள். நிழலிலே வளர்ந்த பெண்கள் வெயிலிலே நின்றார்கள். பெரிய வீட்டுப் பெண்கள் சாராய வாடைக்கு நடுவிலே நிற்பதா என்று ஊர் மூக்கிலே விரல் வைத்தது. அவர்கள் அசையவில்லை. அவர்களைப் பார்த்து மற்றப் பெண்களும் வந்தார்கள். மறியலை நிறுத்தலாமா என்ற பேச்சு வடக்கே எழுந்தபோது, அந்த முடிவு தம் கையில் இல்லை, ஈரோட்டிலுள்ள இரண்டு பெண்மணிகளின் கையில் இருக்கிறது என்ற கருத்தைக் காந்தியார் சொன்னார் என்று இயக்கத்தார் இன்றும் பெருமையோடு கூறுவர்.

குடியால் அடிபடாதவர் ஏன் குடியை எதிர்த்து நிற்க வேண்டும்? எண்ணிப் பாருங்கள். குடிகாரனின் மனைவி கடை வாசலில் போய் நின்றால் என்ன ஆகும்? இரவு வீடு திரும்பியதும் முதுகு வீங்கும். அவளால் நிற்க முடியாது. ஆகவே, எவரை அவன் அடிக்க முடியாதோ, அவர் வந்து அவளுக்காக நிற்கவேண்டும். அந்த வேலையைத்தான் நாகம்மையார் செய்தார். 1924இல் வைக்கத்திலும் அதே கதை. கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது என்றது கொடுமை. நாகம்மையாருக்கு அந்தத் தடை இல்லை. தடைபட்டவர்களுக்காக அங்கே போனார்; பெண்களைத் திரட்டினார்; போராட்டத்தில் நின்றார்.

1931ஆம் ஆண்டு முடிவில் பெரியார் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். திரும்பி வர ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. அந்தக் காலத்தில் வீட்டையும் இயக்கத்தையும் கட்டிக் காத்தவர் இவரே. 1933 மே 11ஆம் நாள், 48 வயதிலே மறைந்தார். அப்போது பெரியார் குடி அரசு ஏட்டிலே எழுதிய இரங்கலுரை நெஞ்சை உலுக்குவது. ஊருக்கெல்லாம் பெண் உரிமை பேசிய தாம், அந்த உரிமையைத் தம் மனைவிக்கு முறையாகக் கொடுக்கவில்லை என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். எத்தனை ஆண்கள் செய்வார்கள் இதை? தவறு செய்தேன் என்று சொல்லும் துணிவு! குடியிலிருந்து மீள விரும்புகிறவன் ஏறவேண்டிய முதற்படியும் அதுவே அல்லவா?

அதற்குப் பிறகு சட்டங்கள் வந்தன, போயின. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுவதும், 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பியது. 1983இல் மது வாணிபத்துக்கென அரசு நிறுவனமே பிறந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. தென்னையை வெட்டிய பெரியாரே பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தை ஏற்கவில்லை. சட்டம் வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அது தீரும் வரையில் நம் தெருவுப் பெண் அடி வாங்கிக்கொண்டே இருப்பதா?

அன்று நாகம்மையார் காலத்தில் தெளிவாகாத ஒன்று இன்று தெளிவாகிவிட்டது. குடிக்கு அடிமையாதல் ஒரு நோய். வைது திருத்தவோ, கட்டிப்போட்டுத் திருத்தவோ முடியாத நோய். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் கண்ணில் தோன்றலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே கோயிலிலே கயிறு கட்டி விடுவதோடு நிற்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போகவேண்டும். மீண்டவன் மறுபடி சறுக்குவதும் உண்டு. சறுக்கினால் மறுபடி தூக்கிவிட வேண்டும். நம் பக்கத்திலேயே வேலூர்ப் பாகாயத்தில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இருக்கிறது. 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் பெயரில் ஒரு சிகிச்சை நிலையம் எழுந்தது. அவர் குடியால் இளமையிலே மாண்டவர். நிலையத்தை எழுப்பியவர் அவருடைய மனைவி சாந்தி. குடித்தவனோடு அவன் குடும்பத்தையும் நோய் தாக்குகிறது என்று கண்டு, அங்கே குடும்பத்தாருக்கும் சேர்த்தே வழிகாட்டுகிறார்கள். தன் கண்ணீரைத் துடைத்த கையாலே ஊரார் கண்ணீரைத் துடைத்தவர் அவர்!

ஆலங்காயத்துத் தோழர்களே, தாய்மார்களே! குடி, குடியைக் கெடுக்கும் என்று பாட்டி காலம் முதல் சொல்லி வருகிறோம். கெட்ட குடியை எடுத்து நிறுத்துவது யார்? இன்றிரவு பக்கத்து வீட்டில் பாத்திரம் உருளும் ஓசை கேட்டால் கதவைச் சாத்தாதீர்கள். நால்வராகச் சேர்ந்து போங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் வீட்டில் பாய் விரியுங்கள். ஒரு பிடி சோறு போடுங்கள். விடிந்ததும், போதை தெளிந்த அவனிடம் அன்பாகப் பேசுங்கள். ஆஸ்பத்திரிக்கு அவனோடு நடங்கள். வெட்கப்பட்டு ஒளிந்து நிற்கும் அவன் மனைவியின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டுச் சீமாட்டிக்குத் தாண்ட முடிந்த வாசற்படி, நமக்கு மட்டும் மலையா என்ன?