ஏழைகளின் மருத்துவர் புனித ஜோசப் மொஸ்காத்தி

நமது பங்கு ஆலயத்தின் ஜூபிலி ஆண்டை இறைவனுக்கு நன்றி கூறிக் கொண்டாடும் இவ்வேளையில், இம்மலரின் பக்கங்களில் குருக்களையும் கன்னியர்களையும் நினைவுகூர்கிறோம். அது நமது கடமை. ஆனால் குருப்பட்டம் பெறாமலும் துறவற உடை தரிக்காமலும், நம்மைப் போல் தினமும் வேலைக்குச் சென்று வந்த ஒருவர் பீட மகிமை பெற்ற வரலாற்றையும் நாம் அறிந்துகொள்வது நலம். அவர்தாம் இத்தாலி நாட்டு மருத்துவர் ஜோசப் மொஸ்காத்தி. தங்கள் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டுமென்று பீடத்தின் முன் முழந்தாளிடும் பெற்றோர் நம்மிடையே பலர் உண்டு. மருத்துவரான பிறகு அந்தப் பிள்ளை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இவர் வாழ்வு ஒரு நல்ல விடை.

பிறப்பும் இளமையும்

1880-ம் ஆண்டு ஜூலை 25-ம் நாள் பெனவெந்தோ என்னும் நகரில் பிறந்தார். தந்தை பிரான்செஸ்கோ நீதிபதி. தாய் ரோசா பக்தியுள்ள குடும்பத்தலைவி. ஒன்பது பிள்ளைகளில் இவர் ஏழாமவர். இவருக்கு நான்கு வயதானபோது குடும்பம் நேப்பிள்ஸ் நகரில் குடியேறியது. 1888-ம் ஆண்டு அமலோற்பவ மாதா திருநாளன்று புதுநன்மை வாங்கினார். அன்று தொடங்கிய நற்கருணைப் பக்தி அவரைக் கடைசி நாள்வரை தாங்கி நின்றது.

ஜோசப் பள்ளி மாணவராக இருந்தபோது அக்குடும்பத்தில் ஒரு பெருந்துயரம் நேர்ந்தது. இராணுவத்தில் பணியாற்றிய அண்ணன் ஆல்பர்ட்டோ குதிரையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். அதன் விளைவாக வலிப்பு நோய் அவரைப் பற்றிக்கொண்டது. ஆண்டுக்கணக்காக அண்ணனின் படுக்கையருகே அமர்ந்து பணிவிடை செய்தவர் ஜோசப். நீதிபதியின் மகன் சட்டம் படிக்காமல் மருத்துவம் படிக்கப் போனதற்கு, அந்தப் படுக்கையருகே கழித்த இரவுகளும் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுவதில் வியப்பில்லை.

மாணவப் பருவம்

1897-ம் ஆண்டு நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். அதே ஆண்டு டிசம்பரில் தந்தை இறந்தார். வீட்டில் துக்கம், படிப்பிலோ வேறொரு சோதனை. கண்ணால் கண்டதும் அளந்ததும் மட்டுமே உண்மை, விசுவாசம் படிக்காதவர்களுக்குரியது என்ற எண்ணம் அக்காலத்துக் கல்லூரி வகுப்புகளில் ஓங்கியிருந்தது. பக்தியுள்ள வீட்டிலிருந்து வந்த எத்தனையோ மாணவர்கள் அந்தக் காற்றில் விசுவாசத்தை இழந்தார்கள். ஜோசப் விவாதங்களில் காலம் போக்கவில்லை. காலையில் திருப்பலி, பகலெல்லாம் படிப்பு, மாலையில் நோயுற்ற அண்ணன் என்று நாட்களை நடத்தினார். 1903-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ம் நாள், கல்லீரலில் யூரியா உண்டாகும் விதம்பற்றி ஆய்வுரை எழுதிச் சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்றார். மறு ஆண்டு ஆல்பர்ட்டோ இறந்தார். அந்த அண்ணனைக் குணமாக்க இவர் கற்ற கல்வியால் இயலவில்லை. ஆயினும் இவர் மனம் கசந்துவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

சாம்பல் மழையில்

அந்நாட்டில் மருத்துவமனைப் பதவிகள் கடும் போட்டித் தேர்வுகள் வழியாகவே கிடைத்தன. அவற்றில் வென்று, குணமாக்க முடியாதோர் மருத்துவமனை என்று பொருள்படும் இன்குராபிலி மருத்துவமனையில் பணியேற்றார். 1906-ம் ஆண்டு ஏப்ரலில் வெசூவியஸ் எரிமலை சீறியது. மலையடிவாரத்தில் தோரே தெல் கிரேக்கோ என்ற ஊரில் அம்மருத்துவமனையின் கிளை ஒன்று இருந்தது. அங்கு இருந்தவர்களில் பலர் முதியோர், முடக்குவாதக்காரர். சாம்பல் கொட்டிக்கொண்டிருக்கையிலேயே மொஸ்காத்தி அங்கு விரைந்தார். நோயாளிகளை வெளியே தூக்கிவரச் செய்து, தாமும் தூக்கி வண்டிகளில் ஏற்றினார். கடைசி நோயாளியும் வெளியேறிய சற்று நேரத்தில், சாம்பலின் பாரம் தாங்காமல் கூரை இடிந்து விழுந்தது. பின்பு மேலதிகாரிக்கு எழுதியபோது உடனுழைத்தவர்களைப் பாராட்டும்படி கேட்டார். தம் பெயரை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.

1911-ம் ஆண்டு நேப்பிள்ஸில் காலரா பரவியபோது நகரின் சுகாதாரம்பற்றி ஆராயும் பொறுப்பு இவரிடம் தரப்பட்டது. முதல் உலகப் போரில் காயமுற்று வந்த போர்வீரர்கள் ஏறத்தாழ 3,000 பேருக்குச் சிகிச்சை அளித்தார்.

பதவியா, படுக்கையருகா?

பல்கலைக்கழகத்தில் உயர்ந்த பதவிக்கு வழி திறந்திருந்தது. 1917-ல் அதை நண்பருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மருத்துவமனையிலேயே தங்கினார். 1919-ல் ஆண்கள் பிரிவு ஒன்றின் தலைமை மருத்துவரானார். ஆனால் ஆசிரியப் பணி அவரை விட்டுப் போகவில்லை. நோயாளியின் கட்டிலே அவரது வகுப்பறை. மாணவர்கள் சுற்றி நிற்க, கை வைத்துப் பார்த்தும் காது கொடுத்துக் கேட்டும் நோயைக் கண்டறியக் கற்பித்தார். கட்டிலில் கிடப்பது அழியாத ஆன்மா உள்ள மனிதர் என்பதை மறக்க விடமாட்டார். பிரேதப் பரிசோதனை அறையின் சுவரில் பாடுபட்ட சுரூபத்தை மாட்டி, சாவை ஆண்டவர் வெல்வதுபற்றிய ஓசேயா இறைவாக்கினரின் வாசகத்தையும் எழுதி வைத்தார். கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் நோயைக் கண்டறிவதில் அவரை மிஞ்ச முடியாததால், அவர்களே சிக்கலான நோயாளிகளை அவரிடம் அனுப்பினார்கள்!

அவருடைய தாயார் 1914-ல் நீரிழிவு நோயால் இறந்தார். அப்போது அதற்குத் தக்க மருந்தில்லை. 1921-ல் கனடாவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டதும், அதை நேப்பிள்ஸில் முதன்முதல் பயன்படுத்தியவர்களுள் ஒருவரானார். தம் தாய்க்குக் கிடைக்காதது பிறர் தாய்மாருக்குக் கிடைக்கச் செய்தார்.

பாடகர் கருசோவையும், 2025-ல் புனிதராக உயர்த்தப்பட்ட பார்த்தலோ லோங்கோவையும் பரிசோதித்த அதே கைகள், சந்துகளில் வாழ்ந்த ஏழைகளின் நாடியையும் பிடித்தன. திருமணம் செய்யாமல் தமக்கை நீனாவுடன் எளிய வாழ்வு நடத்தினார். ஏழைகளிடம் பணம் வாங்கமாட்டார். மருந்துச் சீட்டுக்குள் பணத்தை மடித்து வைத்து அனுப்புவதும் உண்டு. காத்திருக்கும் அறையில் ஒரு தொப்பி இருக்குமாம். இயன்றவர் அதில் போடலாம், இல்லாதவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இறுதி நாள்

1927-ம் ஆண்டு ஏப்ரல் 12, புனித வாரச் செவ்வாய். காலையில் திருப்பலி கண்டு நற்கருணை உட்கொண்டார். மருத்துவமனைக்குச் சென்று திரும்பினார். வீட்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கையில், பிற்பகல் மூன்று மணியளவில் களைப்பாக உணர்ந்து தம் அறைக்குச் சென்றார். நாற்காலியில் சாய்ந்து, கைகளை மார்பில் குவித்து அமைதியாக உயிர்விட்டார். வயது 46. செய்தி கேட்டு நேப்பிள்ஸின் ஏழைகள் தெருவில் நின்று அழுதனர். 1930 நவம்பர் 16-ல் அவரது உடல் அவர் வழக்கமாகச் செபித்த ஜெசு நுவோவோ ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

1975 நவம்பர் 16-ல் திருத்தந்தை 6-ம் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 1987 அக்டோபர் 25-ல், பொதுநிலையினரைப்பற்றி ஆயர் மாமன்றம் உரோமையில் கூடியிருந்த காலத்தில், திருத்தந்தை 2-ம் ஜான் பால் அவரைப் புனிதராக உயர்த்தினார். இரத்தப் புற்றுநோயால் சாகக் கிடந்து, அவரது வேண்டுதலால் நலம்பெற்ற ஓர் இளைஞரின் புதுமை அதற்குச் சான்றாக ஏற்கப்பட்டது.

அன்பார்ந்த பங்கு மக்களே! நம் பிள்ளைகள் மருத்துவராக வேண்டுமென்று செபிப்போம். அது நல்ல ஆசையே. ஆனால் அந்தச் செபத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டாம். படிப்புக்குச் செலவிட்டதை ஏழையின் மடியிலிருந்து திரும்பப் பெறும் மருத்துவராக நம் பிள்ளை ஆகிவிடாதிருக்கவும் செபிப்போம். வெள்ளை அங்கி அணிந்து நம் ஊர் மருத்துவமனைகளில் இரவும் பகலும் உழைக்கும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் மாணவ மாணவியரையும் இந்தப் புனிதரின் பாதுகாவலில் ஒப்படைப்போம்.

புனித ஜோசப் மொஸ்காத்தியே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.