எண்களின் ஆழம் கண்டவர்

முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற கடற்கரையில் அமைந்த சாகுபுரத்திலிருந்து மேற்கு நோக்கிச் சென்றால் குற்றால மலையடிவாரத்தை அடையலாம். அதன் அருகேயுள்ள வல்லம் என்னும் சிற்றூரில், 1901ஆம் ஆண்டு, சுப்பையா பிள்ளை – கோமதி அம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தவர் சிவசங்கரநாராயண பிள்ளை. கடலில் முத்தைத் தேடுவோர் போன்று, எண்களின் ஆழத்தில் உண்மையைத் தேடியவர் அவர்.

பிறந்த ஓராண்டில் தாயை இழந்த பிள்ளை, பள்ளி இறுதியாண்டில் தந்தையையும் இழந்தார். கல்வி தடைப்படவிருந்த வேளையில், சாஸ்திரியார் என்னும் ஆசிரியர் தம் ஊதியத்தில் ஒரு பகுதியை அளித்துப் படிக்கச் செய்தார். நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பயின்ற அவர், 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவித்தொகை பெற்றார். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றினார்.

எந்த இயல் எண்ணையும் ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டுத்தொகையாக எழுத, அதிக அளவாக எத்தனை எண்கள் தேவைப்படும்? 73 என்று 1940இல் நிறுவினார் பிள்ளை. வாரிங் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1770இல் எழுப்பிய வினாவின் ஒரு பகுதிக்கு இவ்வாறு விடை கிடைத்தது.

பகா எண்களைப் பற்றிப் பிள்ளை எழுப்பிய வினாவும் புகழ்பெற்றது. 1 முதல் 5 வரையுள்ள எண்களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 121 கிடைக்கும். அதை வகுக்கும் பகா எண் 11. பதினொன்றில் ஒன்றைக் கழிக்க வரும் 10, ஐந்தின் மடங்கு. இவ்வொழுங்கு எல்லா எண்களுக்கும் பொருந்துமா என்பதே அவ்வினா. 7 வரை பொருந்துகிறது, 8இல் முறிகிறது. 1 முதல் 8 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வரும் 40,321ஐ 61 வகுக்கும். ஆனால் 60 எட்டின் மடங்கன்று.

14 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டினாலோ, 23, 3,79,03,60,487 என்னும் இரு பகா எண்களின் பெருக்கற்பலன் கிடைக்கும். அவ்விரண்டும் ஒழுங்கை மீறுகின்றன. இவ்வாறு மீறும் எண்கள் இன்று பிள்ளை பகா எண்கள் என வழங்கப்பெறுகின்றன. அவற்றுள் மிகச் சிறியது 23. அவை முடிவிலா எண்ணிக்கையில் உள்ளன என்பதைப் பின்வந்த அறிஞர்கள் மெய்ப்பித்தனர்.

பின்னர்க் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிள்ளைக்கு, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் அழைப்பு விடுத்தது. ஹார்வர்டில் நடைபெற்ற உலகக் கணித மாநாட்டிலும் பங்கேற்கப் புறப்பட்டார். 1950 ஆகஸ்டு 31 அன்று எகிப்தில் நேர்ந்த விமான விபத்தில், தம் நாற்பத்தொன்பதாம் வயதில் உயிர் நீத்தார்.

ஓர் ஆசிரியரின் ஊதியத்தால் வளர்ந்த அவ்வறிவு கணித உலகிற்குப் பயன்பட்டது. ஆம் என்ற விடையைப் பெறாத வினாவே அவர் பெயரை நிலைக்கச் செய்தது. சில எடுத்துக்காட்டுகளில் பொருந்துவதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதை 40,321 என்னும் எண் நமக்கு உணர்த்துகிறது.