தண்ணீரை எடை போட்டு நேரம் பார்த்தவர்



ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் இயக்கம் பாடம் வருமே, அதில் உள்ள சமன்பாடுகளைப் பார்த்தாலே நம்மில் பாதிப் பேருக்குத் தலை சுற்றும். தொலைவு, நேரம், முடுக்கம் என்று மூன்றையும் சேர்த்துக் கட்டிய அந்தக் கணக்குக்கு வழி காட்டியவர் கலிலியோ கலிலி. தொலைநோக்கி கதை எல்லாருக்கும் தெரியும், அதனால நான் இந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

கலிலியோ இத்தாலி நாட்டில் பைசா நகரில் 1564-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் தேதி பிறந்தார். அப்பா வின்சென்சோ ஓர் இசைக் கலைஞர். பையன் டாக்டர் ஆக வேண்டும் என்று பைசா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்த்துவிட்டார். ஆனா பையனுக்குக் கணக்கு மேலதான் ஆசை. 1585-இல் பட்டம் வாங்காமலேயே வெளியே வந்துவிட்டார். பட்டம் வாங்காத அதே பல்கலைக்கழகத்தில் 1589-இல் கணக்கு வாத்தியாராக வேலைக்குப் போனார் பாருங்க!

1591-இல் அப்பா இறந்து போனார். கலிலியோதான் மூத்த பிள்ளை. தங்கச்சிகளுக்குக் கொடுக்க வேண்டிய வரதட்சணை அவர் தலையில் விழுந்தது. (அங்கேயும் அது இருந்திருக்கு!) 1592-இல் படுவா என்ற ஊருக்கு மாறினார். சம்பளம் பத்தாமல் வீட்டிலேயே மாணவர்களைத் தங்க வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

அந்தக் காலத்தில், கனமான பொருள் வேகமாக விழும், லேசானது மெதுவாக விழும் என்றுதான் பாடம். அரிஸ்டாட்டில் சொல்லி சுமார் 1900 வருஷம் ஆகியிருந்தது. கலிலியோ சாய்ந்த கோபுரத்தில் ஏறி இரண்டு குண்டுகளைப் போட்டார் என்று நிறைய புத்தகத்தில் படம் இருக்கும். அது அவர் இறந்த பிறகு அவருடைய மாணவர் விவியானி எழுதியது. அப்படி நடந்ததா என்று வரலாற்று அறிஞர்களே சந்தேகப்படுறாங்க. அதனால் அதை விட்டுவிட்டு, அவரே எழுதி வைத்த சோதனைக்கு வருவோம்.

மேலிருந்து போடும் கல் கண் இமைப்பதற்குள் தரைக்கு வந்துவிடும். அதை எப்படி அளப்பது? விளையாட்டு விழாவில் பி.இ.டி. சார் அமுக்குகிற ஸ்டாப் வாட்ச் அப்போது கிடையாது. ஊசல் கடிகாரம்கூட அவர் இறந்து 14 வருஷம் கழித்துத்தான் வந்தது. கலிலியோ ஒரு வேலை செய்தார். விழுவதை மெதுவாக்கினார். சுமார் 12 முழ நீளத்துக்கு (அவங்க ஊர் முழம் நம்ம முழத்தைவிடப் பெரிது, 12 முழம் 7 மீட்டர் கிட்ட வரும்) ஒரு மரக்கட்டை எடுத்து, அதில் விரல் அகலத்துக்கு நேராக ஒரு பள்ளம் செதுக்கி, வழவழப்பாகத் தோல்தாள் ஒட்டினார். ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்து வெண்கலக் குண்டை உருட்டிவிட்டார்.

நேரத்துக்குத் தண்ணீர்! பெரிய பாத்திரத்தின் அடியில் மெல்லிய குழாய் வைத்து, குண்டு உருள ஆரம்பித்ததும் ஒழுகும் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்தார். குண்டு கீழே வந்ததும் நிறுத்திவிட்டார். பிடித்த தண்ணீரைத் தராசில் எடை போட்டார். தண்ணீர் எத்தனை மடங்கோ நேரமும் அத்தனை மடங்கு. எவ்வளவு சுலபம் பாருங்க!

முழு நீளத்துக்கும் உருட்டினார். பிறகு கால் பங்கு நீளத்துக்கு மட்டும் உருட்டினார். நாம் என்ன நினைப்போம்? நேரமும் கால் பங்கு ஆகும் என்போம். ஆனால் சரியாகப் பாதி நேரம் ஆனது! நூறு தடவை செய்தும் மாறவில்லையாம். முதல் நொடியில் 1 அடி போனால், அடுத்த நொடியில் 3 அடி, அதற்கடுத்து 5, அப்புறம் 7. கூட்டிப் பாருங்கள்: 1, 4, 9, 16. நேரம் இரண்டு மடங்கானால் தூரம் நாலு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. நாம் மனப்பாடம் பண்ணுகிற சமன்பாட்டில் நேரத்துக்கு மேல் ஒரு சின்ன 2 போடுகிறோமே, அது இதுதான். கோலிக்குண்டும் சாய்த்த பெஞ்சும் ஓட்டை போட்ட டப்பாவும் இருந்தால் நம்ம வகுப்பிலேயே செய்து பார்க்கலாம்.

1609-இல் தொலைநோக்கி செய்து வானத்தைப் பார்த்தார். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்பதை ஆதரித்து 1632-இல் புத்தகம் வெளியிட்டார். மறு வருஷமே ரோமில் மத விசாரணை. 69 வயதில் முழங்காலில் நின்று, தன் கருத்தைக் கைவிடுவதாகச் சொல்ல வேண்டி வந்தது. சாகும்வரை வீட்டுக்காவல்.

அவருடைய மூத்த மகள் வர்ஜீனியாவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. 1613-இல், 13 வயதில், தங்கையோடு கன்னியர் மடத்தில் சேர்க்கப்பட்டவர். என்னைவிட ஒரு வயது சின்னப் பொண்ணு! மடத்தில் மரியா செலஸ்டி என்று பேர் வைத்துக்கொண்டார். அப்பாவுக்கு அவர் எழுதிய கடிதங்களில் 124 இன்றும் இருக்கின்றன. விசாரணை நடந்தபோது அப்பாவின் வீட்டுக் காரியங்களை மடத்திலிருந்தே கவனித்தார். வாராவாரம் ஜெபம் சொல்ல வேண்டும் என்று அப்பாவுக்கு விதித்த தண்டனையைத் தான் ஏற்றுக்கொண்டார். அப்பா வீடு திரும்பிய சில மாதங்களில், 1634 ஏப்ரலில், 33 வயதில் இறந்துவிட்டார்.

கலிலியோ நொறுங்கிப் போனார். ஆனாலும் உட்கார்ந்து எழுதினார். இளமையில் கட்டையும் குண்டும் வைத்துக் கண்டதையெல்லாம் அந்த வீட்டுக்காவலில்தான் புத்தகமாக்கி முடித்தார். அவர் எதையும் அச்சிடக் கூடாது என்று தடை இருந்ததால், எழுதியது ரகசியமாக ஹாலந்து போய், 1638-இல் லைடன் நகரில் அச்சானது. புத்தகம் கைக்கு வந்தபோது அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. தடவித்தான் பார்த்திருப்பார்.

1642 ஜனவரி 8-ஆம் தேதி இறந்தார். பெரிய கல்லறை கட்ட ரோம் சம்மதிக்கவில்லை, ஃப்ளாரன்ஸ் தேவாலயத்தில் ஒரு மூலை அறையில் புதைத்தார்கள். 1737-இல்தான் நல்ல கல்லறைக்கு மாற்றினார்கள். அப்போது அவருடன் ஒரு பெண்ணின் உடல் எச்சங்களும் கிடைத்தன. அது மரியா செலஸ்டிதான் என்று நம்புகிறார்கள். இரண்டு பேரையும் ஒரே இடத்திலேயே வைத்துவிட்டார்கள்.

- 9-ஆம் வகுப்பு மாணவி